முதுகுக்குப் பின்னால் கேப்டன்

விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் சிரில் தெசாரெக் முதலில் செய்யும் காரியம் ஒன்று உண்டு. வலது கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றுவான். கட்டைவிரலில் எச்சில் தொட்டு, மேலிறக்கையைத் தாங்கும் கம்பத்தில் கம்பியால் கட்டியிருந்த வட்டக் கண்ணாடியைத் துடைப்பான். சவரக் கண்ணாடிதான், ஒரு ஓரத்தில் ரசம் உதிர்ந்திருந்தது. சட்டைக் கையால் இன்னொரு முறை துடைத்துவிட்டு, விரல் நுனியால் தட்டித் தட்டிச் சாய்ப்பான். வானம் தெரியும். வால் தெரியும். இன்னும் கொஞ்சம் சாய்த்தால் பின்னிருக்கையில் இருக்கும் கேப்டன் ஹார்ட்விக்கின் தாடை தெரியும். அங்கேயும் நிறுத்தமாட்டான். கேப்டனின் வலது கை கண்ணாடிக்குள் வந்த பிறகுதான் கையுறையை மாட்டிக்கொள்வான்.

எதிரி வாலுக்குப் பின்னால் வந்தால் பார்க்கத்தான் கண்ணாடி என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தான். மெக்கானிக் வொய்னார் மட்டும் அதை நம்பவில்லை. வொய்னார் போலந்துக்காரன், வயதில் மூத்தவன், எஞ்சினைத் தவிர எதையும் நம்பாதவன்.

"எதிரி என்ன தம்பி, உன் கேப்டன் மடியிலயா உக்காந்து வர்றான்? கண்ணாடி அங்கதானே பாக்குது."

"சும்மா இருண்ணே. காத்துல தானா திரும்பிக்குது."

"ஆமா ஆமா. காத்துக்குக்கூட உன் கேப்டன் மேல சந்தேகம்."

பல இன மக்களை ஆண்ட பேரரசரின் படையில் முதல் உலகப் போரின்போது வழக்கம் அதுதான். விமானம் ஓட்டுவது வண்டிக்காரன் வேலை. அதிகாரியின் வேலை ஆணையிடுவது. முன்னால் சார்ஜண்ட், பின்னால் கேப்டன். எங்கே போவது, எதைப் பார்ப்பது, எப்போது திரும்புவது எல்லாம் பின்னாலிருந்துதான் வரும். எஞ்சின் சத்தத்தில் பேச முடியாது. இடது தோளில் தட்டினால் இடப்பக்கம், வலது தோளில் தட்டினால் வலப்பக்கம், உச்சந்தலையில் தட்டினால் வீட்டுக்கு. அவசியம் பேசித்தான் ஆகவேண்டும் என்றால் எஞ்சினை அடக்கி, காற்றில் வழுக்கிக்கொண்டே கத்த வேண்டும். போருக்கு முன் மொராவியாவில், ஒலோமூட்ஸ் நகரத்து மதுக்கடைகளுக்கு பீர் பீப்பாய் லாரி ஓட்டியவன் தெசாரெக். எஞ்சின் தெரிந்த பையன் என்று பிடித்துப் போய்ப் பறக்கக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். முதலாளி பின்னால் உட்கார்ந்து அதட்டுவது அவனுக்குப் பழக்கமானதுதான். முதலாளி இடுப்பில் கைத்துப்பாக்கி வைத்திருப்பதுதான் புதிது.

அந்தக் கை மீது அவன் கண் போகத் தொடங்கியது போரின் ஒரு குளிர்காலத்தில். பக்கத்து விமானப்படைக் கம்பெனியிலிருந்து ஒரு விமானம் இத்தாலிக்காரன் பக்கம் போய்த் திரும்பவில்லை. விழுந்தவர்களைப் பற்றி எதிரியே வந்து சேதி போட்டுவிட்டுப் போவது இரண்டு தரப்பு விமானிகளுக்கும் இருந்த மரியாதை. இறந்தானா, பிழைத்துக் கைதியானானா என்று எழுதி, நாடா கட்டிய பையில் வீசுவார்கள். இந்த முறை பை எதுவும் விழவில்லை. ஓட்டிக்கொண்டு போனவன் செக் இனத்தவன்; செக்குகளுக்குப் பேரரசர்மேல் விசுவாசம் இல்லை என்று படையில் ஒரு பேச்சு. அது போதுமானதாக இருந்தது. அதிகாரியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு எதிரியிடம் போய்விட்டான் என்று ஒரே வாரத்தில், அவர்கள் மைதானம் இருந்த விப்பாவா பள்ளத்தாக்கு முழுவதும் முடிவு கட்டிவிட்டார்கள். தெசாரெக்கும் செக்தான்.

அதற்குப் பிறகு இரண்டு உத்தரவுகள் வந்தன. போகுமிடத்தை எஞ்சின் ஓடத் தொடங்கிய பின்தான் ஓட்டுநருக்குச் சொல்ல வேண்டும். பெட்ரோல் போய்வர மட்டும்தான் ஊற்ற வேண்டும்.

"இத்தாலிக்காரன் எவ்வளவு தூரத்துல இருக்கான்?" என்றான் வொய்னார், புனலைத் தூக்கிப் பிடித்தபடி. "ஒரு சிகரெட் பத்தவெச்சா முடியறதுக்குள்ள போயிறலாம். ஓடிப்போறவனுக்குத் திரும்பி வர்ற பெட்ரோல் எதுக்குடா? இவங்க உத்தரவுல ஓடுறவன் ஓடிருவான். வீட்டுக்கு வர நெனைக்கிறவன்தான் நடுவுல விழுவான்."

"கத்தாதண்ணே. பாலிந்த் நிக்கிறான்."

பாலிந்த், கேப்டனின் ஏவலாள். ஹங்கேரியக் குதிரைக்காரன். கேப்டன் குதிரைப்படையில் இருந்த காலத்திலிருந்து கூடவே இருப்பவன். அவருக்கு நாலடி முன்னால் எப்போதும் நடப்பான், யாரோடும் ஒட்டமாட்டான், சீட்டாட்டத்தில் தோற்றால்கூட வாய் திறக்கமாட்டான். அவன்தான் எல்லாவற்றையும் கேப்டன் காதில் போடுகிறான் என்று பட்டறையில் அனைவருக்கும் உறுதி.

கேப்டன் எகோன் ஹார்ட்விக், போரின் முதல் இலையுதிர்காலத்தில் குதிரைகளை எல்லாம் பீரங்கிக்குப் பறிகொடுத்த படையிலிருந்து வந்தவர். குதிரை இல்லாத குதிரைப்படை அதிகாரிகள் சிலர் பதுங்குகுழிக்குப் போனார்கள். சிலர் வானத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அப்போதெல்லாம் விமானம் என்றால் தளபதிகளுக்கு உயரமான மரம் ஒன்று கிடைத்த மாதிரி. ஏறிப் பார்த்துவிட்டு வந்து சொன்னால் போதும். அதற்கு மேல் அது எதையாவது செய்யும் என்று நினைத்தவர்கள் குறைவு. ஹார்ட்விக் நினைத்தார். ஒற்றை விமானம் போகக்கூடாது, மூன்றாகப் போகவேண்டும், ஒருவர் கண்ணுக்குத் தப்பியது மற்றவர் கண்ணில் படும் என்று மேலிடத்துக்கு ஓயாமல் எழுதிக்கொண்டிருந்தார். மேலிடத்தில் சிரித்தார்கள். ஆனால் அவருடைய உளவு அறிக்கைகளைக் கண்டு சிரிக்கவில்லை. இத்தாலிக்காரன் பக்கத்தில் ஒரு சமையல் வண்டி இடம் மாறினாலும் ஹார்ட்விக்கின் அறிக்கையில் இருக்கும் என்று பேர். அந்தப் பேரால்தான் கம்பெனியே அவர் கைக்கு வந்தது.

அறிக்கை எப்படி உருவாகிறது என்று தெசாரெக்குக்குத் தெரியும். தரையிறங்கியதும் அவனை விடமாட்டார். கோட்டைக்கூடக் கழற்றவிடாமல் தன் குடிசைக்குள் உட்காரவைத்து விசாரணை நடக்கும்.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன பாத்தே?"

"லாரிங்க ஐயா. தார்ப்பாய் போட்டது."

"நின்னுச்சா, ஓடுச்சா?"

"நின்னுச்சு. ஆனா பின்னால தூசி அடங்கல. அப்பதான் வந்திருக்கும்."

"சாலையோரம்?"

"அதான் ஐயாவும் பாத்திருப்பீங்களே."

"நான் பாத்தது எனக்குத் தெரியும். உன் வாயால கேக்கணும்."

அந்தக் கடைசி வாக்கியம் ஒவ்வொரு முறையும் வரும்.  அவருக்கு எல்லாம் தெரியும். நான் எதை மறைக்கிறேன் என்று பார்க்கிறார். ஒரு லாரியைச் சொல்லாமல் விட்டால் போதும், இவன் அந்தப் பக்கத்து ஆள் என்று ஆகிவிடும். அதற்குப் பிறகு இராணுவ நீதிமன்றம். அதற்குப் பிறகு ஒரு சுவர், எதிரே துப்பாக்கிகள். இந்தப் பயத்தில் அவன் பார்க்கக் கற்றுக்கொண்டான். நிழலை வைத்து வண்டியின் உயரத்தைச் சொன்னான். கொடியில் காயும் துணியின் நிறத்தை வைத்து எந்தப் படைப்பிரிவு என்று சொன்னான். ஒரு நாள், போன வாரம் இல்லாத வைக்கோல் போர்கள் ஒரு வயலில் வரிசையாக நிற்பதைச் சொன்னான். அறுவடைக் காலம் இல்லை. மறுநாள் அந்த வயல் மீது குண்டு போட்டார்கள். வைக்கோலுக்குள்ளிருந்து பீரங்கிகளும் மனிதர்களும் சிதறினார்கள். அன்றைக்கு அவன் இராச்சாப்பாட்டு மாவு உருண்டைகளைத் தட்டிலேயே ஆறவிட்டான்.

"சொல்லாம விட்டிருக்கலாமே," என்றான் வொய்னார்.

"அவரு பாத்திருப்பாரேண்ணே."

"பாத்தவரு உன்னை ஏன் கேக்கிறாரு?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

கேப்டனுக்குத் தன்மேல் சந்தேகம் என்பதற்கு வேறு அடையாளங்களும் அவனுக்குக் கிடைத்துக்கொண்டே இருந்தன. விமானக் கொட்டகை வாசலில் நின்று விறைப்பாகச் சலாம் வைப்பான். மைதானத்தின் அந்தப் பக்கம் போகும் கேப்டன் நேராக அவனைப் பார்த்தபடியே, ஒரு பதிலும் இல்லாமல் போவார். அதே ஆள் அரைமணி கழித்துப் பக்கத்தில் வந்து, "காலையில சாப்பிட்டியா சார்ஜண்ட்?" என்பார். எது நடிப்பு என்று புரியாமல் தெசாரெக் தலையை ஆட்டுவான்.

ஏப்ரலில் ஒரு காலை. வடக்கே மலைவிளிம்பு முழுவதும் வெள்ளை மேகம் மூடி போட்டதுபோல் உட்கார்ந்திருந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் ஓடுகளின் மேல் கல் வைத்திருக்கும் எந்த வீட்டுக்காரரும் அதைப் பார்த்தால் கதவைத் தாழ் போடுவார். போரா வரப்போகிறது. மலையிலிருந்து சரிந்து விழுந்து, எதிரே இருப்பதை எல்லாம் கடலுக்குத் தள்ளிக்கொண்டு போகும் காற்று.

"இன்னைக்கு வேண்டாம் ஐயா. மலை குல்லா போட்டிருக்கு."

கேப்டன் மலைப் பக்கம் திரும்பி வெகுநேரம் நின்றார்.

"குல்லாவா?"

"ஆமா ஐயா. மத்தியானத்துக்குள்ள போரா இறங்கிரும்."

"உனக்குப் போக இஷ்டமில்லையா, இல்ல போகக்கூடாதுன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

அவன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டான். வொய்னார் அளந்து பெட்ரோல் ஊற்றினான். கிளம்பினார்கள்.

போகும்போது எந்தத் தொல்லையும் இல்லை. எல்லை ஆற்றைத் தாண்டி ரயில் நிலையத்தின் மேல் வட்டமடித்துப் படம் எடுத்தார்கள். உச்சந்தலையில் தட்டு விழுந்தது. தெசாரெக் மூக்கைக் கிழக்கே திருப்பினான். அப்போதுதான் காற்று அடித்தது. விமானம் சுவரில் முட்டிய எருமை மாதிரி நின்றது. எஞ்சின் முழு வேகத்தில் கத்துகிறது. கீழே ஒரு தேவாலயக் கோபுரம் நகரவே இல்லை. சற்று நேரம் கழித்துப் பார்த்தான். அதே கோபுரம், இப்போது கொஞ்சம் முன்னால் இருந்தது. அவர்கள் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். பெட்ரோல் முள் இறங்கியது. இப்படியே முட்டிக்கொண்டிருந்தால் எதிரியின் உருளைக்கிழங்கு வயலில்தான் இறங்க வேண்டும்.

மேலே பார்த்தான். மிக உயரத்தில் மெல்லிய மேகங்கள், சீவிய பஞ்சுபோல், வேறு திசையில் போய்க்கொண்டிருந்தன. கீழே ஆலைப் புகை கடல் பக்கம் படுத்து ஓடுகிறது. மேலே மேகம் மலைப் பக்கம் போகிறது. போரா அடியில் ஓடும் வெள்ளம். அதற்கு மேலே வேறு காற்று. அங்கே ஏறிவிட்டால் அதுவே வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடும். ஆனால் இங்கே ஏற முடியாது. மலையிலிருந்து சரியும் காற்று தலையில் அமுக்குகிறது. கடலுக்கு மேலே போனால் அமுக்கம் குறையும். அங்கே ஏறலாம்.

கடல் எதிரியுடையது. அதற்குப் போக, வீட்டுக்கு முதுகைக் காட்ட வேண்டும்.

திருப்பினான்.

உடனே இடது தோளில் தட்டு. அவன் திருப்பவில்லை. மறுபடியும் தட்டு, இம்முறை முட்டியால். எஞ்சினை அடக்கி விளக்கலாம் என்றால், அடக்கும் ஒவ்வொரு நொடியும் உயரம் போகும். இருக்கிற பெட்ரோலுக்கு அந்த உயரத்தை மறுபடி வாங்க முடியாது. கண்ணாடியைப் பார்த்தான். கேப்டனின் வலது கை அதில் இல்லை. பிறகு வந்தது. பிறகு தலைக்கவசத்துக்கும் கழுத்துப்பட்டிக்கும் நடுவே, வெறும் தோலில், குளிர்ந்த இரும்பு தொட்டது.

இதுநாள்வரை நினைத்து நினைத்துப் பயந்தது வந்தேவிட்டதும் அவனுக்கு ஒரு விசித்திரமான நிதானம் வந்தது. இவர் என்னைச் சுட்டால் இவரும் விழுவார். அது இவருக்கும் தெரியும். தெரிந்தும் சுடக்கூடிய ஆள்தான். ஒரு கையால் ஓட்டுதடியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை மெல்ல உயர்த்தினான். மேலே இருந்த மேகத்தைக் காட்டினான். அது போகும் திசையைக் கையாலேயே இழுத்துக் காட்டினான். கீழே புகையைக் காட்டினான். மறுபடியும் மேகம், மறுபடியும் வீட்டுத் திசை. ஊமை, சாட்சி சொல்வதுபோல் காட்டிக்கொண்டே இருந்தான். இரும்பு கழுத்திலேயே இருந்தது. 

கடற்கரை அடியில் வந்து, பின்னால் போயிற்று. இரும்பு விலகியது.

நீருக்கு மேலே காற்று மென்மையாக இருந்தது. ஏறினார்கள். குளிரில் கண்ணில் நீர் வந்து இமையிலேயே உறைந்தது. பெரிய வட்டமாகத் திரும்பி மேகங்களின் உயரத்தைத் தொட்டபோது பின்னாலிருந்து ஒரு கை பிடித்துத் தள்ளுவதுபோல் விமானம் கிழக்கே ஓடியது. ஆறு, பதுங்குகுழிகளின் சுண்ணாம்புக் கோடுகள், தங்கள் பீரங்கிகள் எல்லாம் அடியில் வழுக்கிப் போயின. பள்ளத்தாக்கின் வாய்க்கு வந்ததும் எஞ்சின் இருமியது, நின்றது.

கம்பிகளில் காற்று ஊதும் சத்தம் மட்டும் இருந்தது. இப்போது பேசலாம்.

"சார்ஜண்ட்," என்றார் கேப்டன். "இப்ப எங்க இருக்கோம்?"

"நம்ம பள்ளத்தாக்கு மேலதான் ஐயா. கண்ணுக்கு நேரா நம்ம மைதானம்."

"கொட்டகைக்கு வெளியே ஆட்கள் நிக்கிறாங்களா?"

இதென்ன கேள்வி என்று இருந்தது. இப்போதுகூட விசாரணையா?

"நிக்கிறாங்க ஐயா. எல்லாரும் ஓடி வர்றாங்க."

"சரி. இறக்கு."

போராவில் தரையிறங்குவது விழுவதுதான். கொஞ்சம் மரியாதையாக விழுவது. எதிர்க்காற்றில் விமானம் நின்ற இடத்திலேயே படியிறங்குவதுபோல் இறங்கியது. தரையைத் தொடுமுன்பே வொய்னாரும் மற்றவர்களும் இறக்கை நுனிகளைப் பிடித்துத் தொங்கினார்கள். விட்டால் மறுபடியும் தூக்கிக்கொண்டு போய்விடும். பாலிந்த் கேப்டனின் முழங்கையைப் பிடித்து இறக்கினான்.

"எங்கடா போகப் பாத்தே?" என்றார் கேப்டன். முகம் சாம்பலாக இருந்தது.

"வீட்டுக்குத்தான் ஐயா. சுத்து வழி. மேல மேகம் நம்ம பக்கம் ஓடினதை நீங்களே பாத்தீங்களே."

கேப்டன் கையுறைகளை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார்.

"பாத்தேன்," என்றார்.

மறுநாள் களப் போலீஸ் அதிகாரி ஒருவர் வந்துவிட்டார். முன்னணியில் இருந்த பீரங்கிக்காரர்கள், சொந்த விமானம் ஒன்று எதிரிக் கடல் பக்கம் போனதைத் தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். ஓட்டியவன் செக் என்பதும், கழுத்தில் துப்பாக்கி வைத்ததாகப் பட்டறையில் அடிபட்ட பேச்சும் அவருக்குத் தெரிந்திருந்தது. தெசாரெக் குடிசைக்கு வெளியே காவலோடு நின்றான். கேப்டன் வாயிலிருந்து வரப்போகும் ஒரு சொல்லில் தன் உயிர் தொங்குகிறது என்று அவனுக்குத் தெரியும். பலகைச் சுவர் மெல்லியது.

"கழுத்தில துப்பாக்கி வெச்சீங்களாமே?"

"வெச்சேன். அது என் பழக்கம்."

"அப்ப அவன் ஓடத்தானே பாத்திருக்கான்?"

"கடல் பக்கம் திருப்பச் சொன்னது நான். மேல நம்ம பக்கம் அடிக்கற காத்து இருந்துது. அதைப் பிடிச்சு வந்தோம்."

"நீங்களா பாத்தீங்க அந்தக் காத்தை?"

"பாக்கறதுதானே ஐயா என் உத்தியோகம்."

போலீஸ்காரர் காபி குடித்துவிட்டுப் போய்விட்டார். காவலாளும் போனான். தெசாரெக் கொட்டகைப் பக்கம் நடந்தான். பாதி வழியில் ஓர் எண்ணம் அவனை நிறுத்தியது. ஏன் காப்பாற்றினார்? இனி ஆயுள் முழுக்கக் கையில் பிடித்து வைத்துக்கொள்ளத்தானே?

அடுத்தடுத்து நடந்ததெல்லாம் அதை உறுதி செய்வதுபோலவே இருந்தது. போராவில் கடல்வழி ஏறித் திரும்பும் முறை ஹார்ட்விக்கின் பெயரில் மற்ற கம்பெனிகளுக்குப் பாடமாகப் போயிற்று. மேலிடம் மார்பில் பதக்கம் குத்தியது. மூன்று மூன்றாகப் பறக்கும் அவருடைய யோசனையும் அந்தச் சூட்டில் ஏற்கப்பட்டது, அவர் மேஜரானார், ஐந்து கம்பெனிகள் அவர் சொல்லுக்குப் பறந்தன. பெட்ரோல் உத்தரவை அவரே கிழித்துப் போட்டார்.

"உன் மேகத்தைத் தின்னுட்டு ஏப்பம் விடுறாரு பாரு," என்றான் வொய்னார்.

"விடட்டும். என்னை விட்டா போதும்."

விடவில்லை. ஒற்றை இருக்கைச் சண்டை விமானங்கள் வந்தபோது தெசாரெக் அதற்குப் போகக் கேட்டான். முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லாத விமானம். அவன் கனவில் வருவது அதுதான். மேஜர் மறுத்தார். அடுத்த வசந்தத்தில் மறுபடி கேட்டான்.

"நீ என் முன்னாலதான் உக்காரணும்," என்றார்.

"வேற நல்ல ஓட்டுநருங்க இருக்காங்க ஐயா."

"இருக்கட்டும்."

பேரரசு உடைந்த இலையுதிர்காலத்தில், லைபாஹ் ரயில் நிலையத்தில் ஆளுக்கொரு நாட்டுக்கு ரயில் ஏறினார்கள். ஒரே நாளில் எல்லாரும் எல்லாருக்கும் அந்நியர். மேஜரின் தொப்பியிலிருந்த சின்னத்தை யாரோ பிடுங்கிவிட்டிருந்தார்கள். பாலிந்த் காதில் ஏதோ சொல்ல, அவர் தெசாரெக்கின் பக்கம் திரும்பினார். "நல்லா ஓட்டினே," என்றார். தெசாரெக் சலாம் மட்டும் வைத்தான். அவர் ஏறிய ரயில் கிளம்பும்வரை அதற்கு முதுகைக் காட்டாமலே நின்றான்.

பிறகு அவன் ஒலோமூட்ஸுக்கும் புரோஸ்டெயோவுக்கும் நடுவே பேருந்து ஓட்டினான். கல்யாணம் செய்துகொண்டான். பின்னால் வந்து தோளில் கை வைக்கிற பழக்கத்தை மனைவி ஒரே நாளில் விட்டுவிட்டாள். பறந்ததைப் பற்றி யாராவது கேட்டால், மேகத்தைக் காட்டித் தன் தலையைத் தானே காப்பாற்றிக்கொண்ட கதையைச் சொல்வான். இன்னும் நாலு பேர் இருந்தால், அந்த மேகத்தில் மேஜரானவரின் கதையையும் சொல்வான்.

சில வருடம் கழித்து பிர்னோ குதிரைச் சந்தைக்குப் பேருந்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனபோது, விலை பேசிக்கொண்டிருந்த கூட்டத்தில் பாலிந்தைப் பார்த்தான். பாலிந்த் குதிரைத் தரகனாகியிருந்தான். இப்போது வாயும் திறந்திருந்தது. இரண்டு கோப்பை பீருக்குப் பிறகு தெசாரெக் கேட்டான்: "ஏம்ப்பா, அந்த ஆளு என்னைக் கடைசிவரைக்கும் ஏன் விடவே இல்ல? அவ்வளவு சந்தேகமா?"

பாலிந்த் கோப்பையைக் கீழே வைத்தான். மேஜர் இப்போது கிராட்ஸில் அக்காள் வீட்டில் இருக்கிறார் என்றான். புட்டி அடித்தட்டு மாதிரி மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறார். அப்போதே போட்டிருக்க வேண்டியது. போட்டால் பறக்கவிடமாட்டார்கள் என்று, கண் பரிசோதனை அட்டையை முந்தின நாளே பாலிந்தை அனுப்பிப் படித்துவரச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாக மனப்பாடம் செய்துகொண்டு போனார். பத்தடிக்கு அப்பால் நிற்பது மாடா மரமா என்று அவருக்குத் தெரியாது. மேகத்தை விடு, உன் விமானத்தின் இறக்கை நுனிகூட அவருக்குத் தெரிந்ததில்லை என்றான்.